அழித்தும் போகாத நடை

பேத்தி கல்யாணத்தில் பந்தி முடிந்ததும், சமையற்கட்டுப் பெண்களுக்கு நான் அவள் மாமியாரான சம்பந்தியம்மாவைப் போல நடந்து காட்டினேன். சேற்றில் இறங்குகிறவர் மாதிரி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, அண்டா அண்டாவாக மூக்கை நீட்டி, "உப்பு கம்மியா இருக்கே?" என்று மோந்தே கண்டுபிடிப்பது அவர் வழக்கம். அவர்கள் சிரித்த சிரிப்பில் மறுபடியும் நடந்தேன். பந்தியைப் படம் பிடித்த கேமரா அணையாமல் மூலையில் நின்றதை எவளும் சொல்லவில்லை.

கேமரா என் சின்ன மருமகளுடையது. கல்யாண வீடியோக்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தருவது அவள் தொழில். ஒருநாள் காலையில் கூப்பிட்டாள்.

"அத்தை, இங்க ஒரு நடிகை மாட்டியிருக்கா, வந்து பாருங்க."

பார்த்தேன். நான்தான், சம்பந்தியம்மா நடையில். மாமியாரைக் கிண்டல் செய்த கிழவியின் பேத்தி என்று, புதிதாகப் போன பிள்ளை திருத்துறைப்பூண்டிப் புகுந்த வீட்டில் இடிசொல் கேட்க வேண்டுமா?

"அழிச்சுடுடி."

"அழிச்சாச்சு."

மத்தியானமே சம்பந்தியம்மா போன் செய்தார். வெட்டுவதற்கு முன் எடுத்ததையெல்லாம் பார்க்க நாளைக்கு வருகிறாராம். வரட்டுமே என்று இருந்தேன். சாயங்காலம் மருமகள் முணுமுணுத்தாள்.

"இவ்வளவு அழிச்சும் இடம் திரும்ப வரலயே! அடுத்த கல்யாணத்தை எங்க ஏத்துவேன்?"

"அழிச்சேன்னியே?"

"பேரைத்தான் அழிச்சேன் அத்தை. சரக்கு அங்கேயே கிடக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பொறுமையாகச் சொன்னாள். "வீடியோவைச் சேத்து வைக்கற எஸ்எஸ்டி ரெண்டை ஒண்ணாக்கிப் பொது இடமாக்கி, அதுலேருந்து கல்யாணத்துக்கு ஒரு பங்கு பிரிச்சிருக்கேன். நான் அழிச்சது அந்தப் பங்குக்குத்தான் தெரியும். பொது இடத்துக்கும் தெரியாது, அடியில இருக்கற எஸ்எஸ்டிக்கும் தெரியாது. இந்த இடம் இனிமே வேணாம்னு தனியா சொல்லணும். அதுக்குப் பேரு டிரிம்."

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், வாத்தியார் தாண்டவிடவில்லை. ஆனாலும் இது புரிந்தது. அறுப்பு முடிந்த வயலில் குச்சி நட்டு வைக்கோல் பிரி கட்டியிருந்தால் வாத்துக்காரர் மந்தையை இறக்க மாட்டார். வயல் காலிதான். ஆனால் பிரியைப் பிடுங்காமல் உடையவர் சிங்கப்பூர் போய்விட்டால், வாத்தெல்லாம் வரப்பிலேயே நிற்க வேண்டியதுதான்.

"பிரியைப் புடுங்கேண்டி!"

"பொறுங்க. டிரிம் போட்டுட்டா, அழிச்ச எதையும் அப்புறம் மீட்க முடியாது. தெரியாத்தனமா தாலி கட்டினதை அழிச்சிருந்தேன்னா?"

ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிரசவ அறை வாசலில் நிற்பதுபோல் நின்றேன்.

"தாலி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போடு."

ஒரே ஒரு வரி தட்டினாள். இடம் திரும்பி வந்தது. எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் சம்பந்தியம்மா வந்தார். காய்ந்து கிடந்த எங்கள் வாசலையும் புடவையைத் தூக்கிக்கொண்டுதான் கடந்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அது எங்க?"

"எது?" என்றேன்.

"நீங்க என்னை மாதிரி நடந்தது. கேமரா ஓடிச்சுன்னு சமையல்காரம்மா சொல்லி ஒங்க பேத்திக்குத் தெரிஞ்சுபோச்சு. தெனமும் எனக்கு நடந்து காட்டறா. 'இதென்ன பெரிசு அத்தை, எங்க அப்பாயி நடந்ததைப் பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பீங்க'ன்னா. அதுக்குத்தான் வந்தேன்."

மருமகளைப் பார்த்தேன். அவள் கையை விரித்தாள். "நேத்தே போயிடுச்சுங்க. இனி எடுக்க முடியாது."

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுல என்னைக் கிண்டல் பண்ண யாருக்கும் தைரியம் வந்ததில்ல. ஒங்க பேத்தி வந்தப்புறந்தான் நானும் சிரிக்கிறேன்."

நான் எழுந்து புடவையைத் தூக்கிச் சொருகினேன்.

"மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க," என்று அவரே திருத்தினார்.

மருமகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இப்ப எடம் நெறைய இருக்கு அத்தை, நல்லா நடங்க."

அண்டாவுக்கு எங்கே போவது? சம்பந்தியம்மா கையில் இருந்த காப்பி டம்ளர் மேல் குனிந்து மோந்தேன்.

"சக்கரை கம்மியா இருக்கே?"

"கம்மிதான்," என்றார் அவர். "வந்ததுலேருந்து சொல்லலாமான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."