கேள்விக்குறிகளாகிப் போன பெயர்

உள்ளறையில் மேஜையை உள்ளங்கையால் அறையும் சத்தம் கேட்டது. ஒரு முறை. சற்று இடைவெளி விட்டு, மறுபடியும் பலமாக.

அடுக்களையில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த ஜெபசுதா, கத்தியைப் போட்டுவிட்டு ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஓடினாள். பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு, அவள் கணவர் எபனேசருக்கு ஆளைக் கூப்பிட அந்த ஒரு வழிதான் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றால் மெல்லத் தட்டுவார். இது தண்ணீர் கேட்கும் தட்டு இல்லை.

மேஜைமேல் புது லேப்டாப் திறந்திருந்தது. கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்துகள் வரிவரியாக ஓடி நின்றிருந்தன. காலையிலிருந்து பார்த்துச் சலித்த அதே சிவப்பு.

"மறுபடியும் நின்னுபோச்சா?" என்றாள் ஜெபசுதா. "நீங்க ஆத்திரப்படாதீங்க. பிரஷர் ஏறும். நான் முதல்லேர்ந்து போட்டுப் பாக்குதேன்."

எபனேசர் தலையை ஆட்டினார். இடதுகை விரலால் திரையைக் குத்திக் காட்டினார். தொண்டையிலிருந்து ஏதோ புறப்பட்டு உதட்டுக்கு வருமுன் உடைந்துபோனது. அவளுக்குப் புரியவில்லை. புரியாதது அவருக்குப் புரிந்தது. மறுபடியும் மேஜை அதிர்ந்தது.

எபனேசர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரர். கணக்கில் பட்டம் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தவர், துறைமுகத்துக்காகக் கடலாழம் அளந்து கொடுக்கும் ஒரு சிறு கம்பெனியில் சேர்ந்தார். கப்பல் வரும் பாதையில் சிறு படகான போட்டு ஒன்று போகும். அதிலிருக்கும் கருவி கடலுக்குள் ஒலியை அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணக்காகும். போட்டு கரைக்கு வரும்போது கையில் இருப்பது எண்கள், எண்கள், எண்கள் மட்டுமே. அந்த எண்களைப் படமாக்குவது எபனேசரின் வேலை. பைத்தான் என்ற கணினி மொழியைத் தானாகவே படித்து, கடலுக்கடியில் எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே கப்பல் தரை தட்டும் என்று கோடாகவும் நிறமாகவும் வரைந்து கொடுப்பார். கடலில் கால் நனைக்கக்கூடப் பயந்த அந்த மனுஷருக்கு, அதன் அடித்தரை தன் வீட்டுத் தரையைப்போலப் பழக்கம்.

அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஆபீஸ் தன் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நேற்று காலை, அவருக்குக் கீழே வேலை பார்த்த பாஸ்கல் ஜெபசுதாவுக்குப் போன் செய்திருந்தான். "டீச்சர், நாளைக்குச் சாயங்காலம் நான் வாரேன். நேத்து எடுத்த சர்வேயைக் கொண்டு வாரேன். சார் வீட்ல இருந்தே படம் போட்டுக் காட்டிட்டாருன்னா, நான் முதலாளிகிட்ட அடிச்சுப் பேசுவேன். இல்லன்னா இந்த வாரத்தோட அவரு பேரை எடுத்துருவாங்க."

அதனால்தான் இந்தப் பாடு. பைத்தானும் அதற்கு வேண்டிய துணைத் தொகுப்புகளும் லேப்டாப்பில் ஏறினால்தான் படம் வரும். புது லேப்டாப்பை விற்ற கடைக்காரன், "இதெல்லாம் நம்ம லைன் இல்ல டீச்சர்" என்று கைவிரித்துவிட்டான். ஜெபசுதா மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. அவளுடன் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் டீச்சர் கிருபாபாய், செய்ய வேண்டியதை முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள்.

"பைத்தான்னா மலைப்பாம்புல்லா?" என்று கேட்டிருந்தாள் ஜெபசுதா.

"ஆமாக்கா. அது ஏறினதும் பாண்டாஸ்னு ஒண்ணு போடணும்."

"அது கரடில்லா? ஏளா, நான் லேப்டாப்புல வேலை பாக்கப் போறேனா, சர்க்கஸ் நடத்தப் போறேனா?"

நேற்று சிரிக்க முடிந்தது. இன்று பாம்பும் ஏறவில்லை, கரடியும் ஏறவில்லை. கிருபாபாய் வகுப்பில் இருந்தாள், போனை எடுக்கவில்லை.

ஜெபசுதா நின்றுகொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு பாதி தூரம் ஊர்ந்தது. நின்றது. சிவப்பு எழுத்துகள் கொட்டின.

எபனேசர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, லேப்டாப்பின் மூடியில் ஒட்டியிருந்த 'எபனேசர்' என்ற சீட்டைக் கிழித்து, கசக்கி, மேஜைமேல் போட்டார்.

அந்த வீடு முழுக்கச் சீட்டுகள் இருந்தன. பேச்சுப் பயிற்சி தரும் டாக்டர் சொன்னபடி, கண்ணில் படும் ஒவ்வொரு பொருளுக்கும் அவள் தன் அச்சு மாதிரியான கையெழுத்தில் பெயரெழுதி ஒட்டியிருந்தாள். கட்டில், கடிகாரம், கதவு, வேதாகமம். காலையும் மாலையும் அவரை ஒவ்வொன்றின் முன்னும் நிறுத்தி வாசிக்கச் சொல்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் தன் சேலையில்கூட 'ஜெபசுதா' என்று எழுதிக் குத்தியிருந்தாள். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஊக்கு அவளைக் குத்திவிடாதபடி, ஒற்றைக் கையால் மெல்லக் கழற்றிக் கீழே வைத்தார். உன்னைத் தெரிந்துகொள்ள எனக்குச் சீட்டு எதற்கு என்று கேட்பதைப்போல. அன்றிரவு அவள் மனம்விட்டு அழுதாள்.

அவள் பெயரை அத்தனை மென்மையாக எடுத்தவர், இன்று தன் பெயரைக் கிழித்தெறிந்துவிட்டார். தன்னையே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டாரா? அவள் அடுக்களைக்குப் போனாள். பாதி உரசிய மீன்கள் தட்டில் கிடந்தன. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

சிறிது நேரத்தில் பின்னால் காலை இழுத்து நடக்கும் ஓசை கேட்டது. எபனேசர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் அவருடைய ஆபீஸ் அடையாள அட்டை. ஆணியில் தொங்கியதை எடுத்து வந்திருக்கிறார்.

"ஆபீசுக்குப் போகணுமா?" என்றாள் அவள். "எப்படிங்க போறது? படி இறங்கவே..."

அவர் தலையை வேகமாக ஆட்டினார். அவள் முழங்கையைப் பற்றி மேஜைக்கு இழுத்துப் போனார். அட்டையைத் திரையின் சிவப்பு வரிகளில் ஒன்றின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

ஜெபசுதா குனிந்து பார்த்தாள். கோப்புகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று காட்டும் வரி அது. எல்லாம் ஆங்கிலம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் எழுத்தே இல்லை. வரிசையாகக் கேள்விக்குறிகள். அட்டையில், அந்த இடத்துக்கு நேராக, ஆங்கிலத்தில் அச்சடித்த அவர் பெயர்.

லேப்டாப்பை முதன்முதலில் திறந்தபோது அது பெயர் கேட்டது. வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் தமிழில் பெயரெழுதிய கை, அதற்கும் தமிழிலேயே 'எபனேசர்' என்று அடித்தது. திறக்கும்போதெல்லாம் அவர் வாசிக்கட்டும் என்ற ஆசை. அந்தப் பெயரிலேயே உள்ளே ஒரு கோப்புறை உண்டாகியிருந்தது. ஏற வந்த மென்பொருளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை; வழியிலேயே நின்றுவிட்டது.

"காலையில இருந்து இதத்தான் சொல்லுதீங்களா? பேரைக் கிழிச்சதும் இதுக்குத்தானா?"

எபனேசர் கண்ணை மூடித் திறந்தார். அது ஆமாம்.

"நான் உங்களுக்கு ஆத்திரம்னுல்லா நெனச்சேன்." அவர் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். மீன் வாடை அடித்த அவள் கையை அவர் தட்டிக்கொண்டே இருந்தார், மிக மெதுவாக.

மதியம் கிருபாபாய் கூப்பிட்டாள். "தமிழ்லயா பேரு வச்சீங்க? அக்கா, இங்கிலீஷ்ல புதுசா ஒரு கணக்கு தொடங்குங்க. பழசுல பேரை மட்டும் மாத்தினா உள்ள மாறாது."

புதுக் கணக்கில் கோடு முழுத்தூரமும் ஊர்ந்தது. பாம்பு ஏறியது, கரடி ஏறியது, படம் வரையும் தொகுப்பும் ஏறியது. அது ஏறும் நேரத்தில் எபனேசர் கசங்கிய சீட்டைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். ஜெபசுதா இரண்டு சோற்றுப் பருக்கையை மசித்து, அதை மூடியில் மறுபடி ஒட்டினாள்.

வெயில் தாழ்ந்த பிறகு பாஸ்கல் வந்தான். திரேஸ்புரத்துக்காரன், எங்கே போனாலும் ஒரு கேலியோடுதான் நுழைவான்.

"என்ன டீச்சர், கட்டில்ல இருந்து கடிகாரம் வரைக்கும் சீட்டு? ஸ்டாக் எடுக்கீங்களா?" என்றவன், எபனேசரின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "நல்லா இருக்கீங்களா சார்? வீட்டு ஜெபக்கூட்டத்துல நல்லா பாடுதீங்களாம். பாடுத மனுஷனுக்குப் பேச முடியலயான்னு ஆபீஸ்ல ஒருத்தன் கேக்கான்."

"பாட்டு வருது தம்பி, பேச்சுதான் வரல" என்றாள் ஜெபசுதா. "ரெண்டும் மூளையில வேற வேற இடம்னு டாக்டர் சொல்லுதாரு. கேட்டவருகிட்ட சொல்லுங்க."

பாஸ்கல் பென்டிரைவைக் கொடுத்தான். அதில் புது எண்களோடு எபனேசரின் பழைய நிரல்களும் இருந்தன. எபனேசர் ஒரு நிரலைத் திறந்தார். அதில் பழைய கோப்பின் பெயரை எடுத்துப் புதியதை எழுதுவதற்கே வெகுநேரம் ஆனது. எழுத்து தவறும், அழிப்பார், நிதானித்து மறுபடி அடிப்பார். பாஸ்கலின் கை ஒருமுறை உதவிக்கு நீண்டது. ஜெபசுதா பார்த்த பார்வையில் அது திரும்பிப் போனது.

திரையில் நீலக்கோடு ஒன்று எழுந்தது. கப்பல் பாதையின் தரை. பள்ளமும் மேடுமாகப் போன கோட்டில், ஓரிடத்தில் மட்டும் ஊசிபோல ஒரு முனை. எபனேசர் அதை விரலால் தட்டிப் பாஸ்கலைப் பார்த்தார்.

"அங்கன போட்டு திரும்பிச்சு சார். அலையில ஆட்டம் கொடுத்துட்டு."

எபனேசர் அந்த ஓர் எண்ணை நீக்கி மறுபடி வரைந்தார். ஊசி மறைந்தது. தரை அமைதியாகக் கிடந்தது.

பாஸ்கல் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. காப்பி ஆறியது.

"ஒண்ணு சொல்லணும் சார்" என்றான் கடைசியில். "துறைமுகத்து ஆளுங்ககிட்ட தெனமும் பேசணும்லா. ஆபீஸ்ல உங்க சீட்டுல என்னைய உக்காரச் சொல்லிட்டாங்க. நேத்து சாயங்காலமே முடிவாயிட்டு. நான் கேக்கல சார். பிள்ளைங்க மேல சத்தியமா நான் கேக்கல."

பாஸ்கலின் கண் மேஜைமேல் கிடந்த அடையாள அட்டைக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. அதை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எபனேசருக்கு அது விளங்கிவிட்டது. அட்டையை எடுத்தார். ஆங்கிலத்தில் அச்சடித்த தன் பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தார். பாஸ்கலின் கையில் வைத்து, அந்தக் கையை மூடிவிட்டார்.

பாஸ்கல் எழுந்தான். சட்டைப்பையில் அட்டையைப் போட்டவன், லேப்டாப்பில் செருகியிருந்த பென்டிரைவைத் தொடவில்லை.

"அது இங்கனயே இருக்கட்டும் சார். இனி எடுக்குத சர்வே எல்லாம் உங்ககிட்டதான் வரும். முதலாளிகிட்ட இந்தப் படத்தைக் காட்டிட்டு நான் பேசுதேன். உங்க சீட்டு போனாலும், உங்க வேலையை நான் போக விட மாட்டேன்."

எபனேசர் தலையசைத்தார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான், திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபசுதா வாசலுக்குப் போக எழுந்தாள். எபனேசர் கையமர்த்தி அவளை உட்காரவைத்தார். தானே காலை இழுத்து இழுத்து நடந்து, பாஸ்கலின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை நின்று, 'கதவு' என்று அவள் எழுதி ஒட்டியிருந்த சீட்டின்மேல் இடக்கையை ஊன்றி, கதவைச் சாத்தினார்.