நடக்காத பந்தயத்தில் ஜெயித்தவர்

ஆண்டர்சன்பேட்டை ஏசுபாதம் தன்னை ரேஸ் டிரைவர் என்றுதான் சொல்லிக்கொள்வார். வாழ்நாளில் அவர் ஓட்டிய ரேஸ் ஒன்றே ஒன்று. அதுவும் நடக்கவே இல்லை என்று துரைமார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

தங்கச் சுரங்கத்து எட்மண்ட் துரைக்குக் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். 1908 வாக்கில் துரை மோட்டார் வாங்கியதும் குதிரையை விட்டு அதில் ஏறி உட்கார்ந்தார். அதே மழைக்காலத்தில் டாக்டர் துரைக்கும் ஒரு மோட்டார் வந்தது. ஒரே ஊரில் இரண்டு மோட்டார் இருந்தால் துரைமாருக்குக் கை சும்மா இருக்குமா? சயனைடு மேட்டைச் சுற்றிப் பந்தயம் என்றார்கள். தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடு அது.

அன்று காலையில் நல்ல மழை. எட்மண்ட் துரை ஏதோ சீமைப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, சக்கரங்களின் மேலிருந்த மட்கார்டுகளைக் கழற்றச் சொன்னார். ஏசுபாதம் உற்சாகமாகக் கழற்றினார்.

“சேறு அடிக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? குதிரைக்கு ஏது மட்கார்டு?” என்பார் பிற்பாடு.

வளைவில் துரைமாருக்குப் பந்தல், கேக், வெள்ளை கவுன் போட்ட துரைசானிகள். சுரங்கத் தொழிலாளிகளை, கிட்டே வராதபடி குறுக்கே கயிறு கட்டி, மேட்டின் உச்சியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

கொடி விழுந்தது. முன்னால் போன ஏசுபாதத்தின் சக்கரங்கள் வாரியடித்த சேற்றில் டாக்டர் துரைக்குக் கண் தெரியவில்லை. நேரே சாக்கடைக்குள் இறங்கினார். வளைவு வந்தது.

“டேய், நிக்காதே! போ!” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்மண்ட் துரை கத்தினார்.

ஏசுபாதம் போனார். வண்டி வழுக்கி, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. பந்தல் முழுக்கச் சேறு. ஹுர்ரே சொல்ல வாயைத் திறந்திருந்த சுரங்கத்துப் பெரிய துரைக்கு வாய் நிறைய. வருஷம் பூராவும் மேட்டிலிருந்து காற்றில் பறந்து, கூலி லைன் வீடுகளில் தொழிலாளிகள் சோற்றில் விழும் மண், அன்று ஒரு நாள் வீடு மாறிப் போயிருந்தது. மேட்டின் மேல் எழுந்த கைத்தட்டல் ராபர்ட்சன்பேட்டை வரை கேட்டதாம்.

மறுநாள் கிளப்பில் கூடிப் பேசினார்கள். மழையால் பந்தயம் நடக்கவில்லை என்று முடிவாயிற்று. பந்தயத்துக்கென்று வைத்திருந்த கோப்பையை டென்னிஸ் போட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏசுபாதத்துக்கு வேலை போயிற்று.

ஜெயித்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை மனைவி ஐடா விடவில்லை. “நடக்காத ரேஸுல இன்னாத்த ஜெயிச்சே?”

“நடக்கலன்னா என்னை ஏன்டி வேலைய வுட்டுத் தூக்கினாங்க?”

“ஓட்டத் தெரியலன்னு தூக்கினாங்க.”

அதன் பிறகு ஜட்கா ஓட்டினார். மேட்டு வளைவு வந்தால் குதிரையை நிறுத்திக் கதையை ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குக் கிளம்பிய தசரதன் என்ற மேஸ்திரி பொறுமையிழந்தார்.

“யோவ், ரயிலு பூடும், வேகமா ஓட்டுய்யா!”

“ரேஸ் டிரைவராண்டையே வேகத்தப் பத்திப் பேசறியா?” என்று திரும்பி உட்கார்ந்து, வளைவில் வண்டி வழுக்கிய விதத்தைக் கையால் சுழற்றிக் காட்டினார் ஏசுபாதம். ரயில் போய்விட்டது.