ஒரு சொட்டும் வரவில்லை

என் அக்கா யோகலட்சுமியின் கணவர் ஹரிஹரனை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிறவர்கள். பாவா வீட்டில் இரண்டு விசைத்தறிகள், லுங்கி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசியே பழகியதால் போனிலும் கத்துவார். மஸ்கட்டில் என்னோடு அறையில் தங்கியிருப்பவர்களுக்கெல்லாம் அவர் குரல் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு காலை, தறி ஓட்டும்போது அவருக்குத் தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்துக் கிராம்பை அடக்கிக்கொண்டார். வலி இடது தோளுக்கு இறங்கியது. அந்தப் பனியிலும் பனியன் நனைகிற அளவுக்கு வியர்த்தது. கேஸ்தான் என்று கோலி சோடா வாங்கிக் குடித்துவிட்டு ஏப்பத்துக்காகக் காத்திருந்தார். வந்தது வாந்தி. பக்கத்து வீட்டு முரளிதரன்தான் ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். மாரடைப்பு என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோய், அடைத்திருந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சோடாவில் போன நேரத்தில் இதயத்தின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார்.

அவசரப் பிரிவுக்கு வெளியே நின்றபோதே அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். இவர் எழுந்து வந்தால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு அலகு குத்திக் காவடி எடுப்பார் என்று. போனில் அதை என்னிடம் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. முருகனிடம் ஒப்படைத்துவிட்ட தைரியம்தான் இருந்தது.

பாவா திரும்பி வந்தார், வேறு ஆளாக. பீடி போனது. ஊறுகாயும் அப்பளமும் இலையை விட்டுப் போயின. விடிந்ததும் ஏரிக்கரை வரை நடந்தார். ஸ்டென்ட்டுக்கு ஊரில் ஸ்பிரிங் என்று பெயர். டீக்கடையில் அவரை வைத்து வேடிக்கை நடக்கும்.

"இன்னா ஹரி, தறியிலயும் ஸ்பிரிங்கு, உள்ளயும் ஸ்பிரிங்கு. எது முதல்ல தேயும்?"

"உன் வாயிதான் முதல்ல தேயும். நெஞ்சு அடைக்குது, கேஸுன்னு நாளைக்கு எங்கிட்ட வந்து நிப்ப பாரு. சோடா வாங்கித் தரமாட்டேன். நேரா ஈசிஜிக்குத்தான் இழுத்துகினு போவேன்."

சும்மா சொல்லவில்லை. தாடை, தோள், முதுகு, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல், இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி என்று தெருவில் எல்லாருக்கும் பாடம் நடத்தினார். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல்கூட வரலாம் என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி அவளைப் பயமுறுத்தினார்.

டிஸ்சார்ஜ் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. தூரத்தில் இருப்பவனுக்குக் கவலைப்படுவது ஒன்றுதான் வேலை. வாரம் தவறாமல் கேட்பேன்.

"மாத்திரை போடறீங்களா பாவா?"

"ஆங், போட்டுகினுதான் இருக்கேன்."

ஒருநாள் வீடியோவில் தாடையில் துண்டை அழுத்திக்கொண்டு வந்தார். சவரம் செய்யும்போது சின்னக் கீறல், ரத்தம் நிற்கவே இல்லை. துண்டில் பாதி சிவப்பு. மாத்திரையால் அப்படித்தான் இருக்கும், அழுத்திப் பிடித்தால் நிற்கும் என்று டாக்டர் சொன்னாராம். "பாத்தியா மச்சான், இந்த வயசுல எனக்கு எவ்ளோ ரத்தம்!" என்று சிரித்தார்.

சிரித்தாலும் அந்தக் கீறல் அவர் மனதில் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் அலகு குத்தும்போது ரத்தம் வரக் கூடாது. வந்தால் விரதத்தில் ஏதோ குறை என்பார்கள். அதுவும் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கான வேண்டுதல். கன்னத்தில் ரத்தம் வழிய மலையேறினால், சாமி இவரை ஏற்கவில்லை என்று ஊர் பேசும். அக்கா தாங்கமாட்டாள்.

ஆடி மாதம் காப்புக் கட்டிய அன்று பாவா அந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினார். அக்காவுக்குத் தெரியும். விரதம் முடிகிற வரைக்கும்தானே என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்த வாரமும் நான் கேட்டேன். "ஆங்" என்றார்.

கிருத்திகை அன்று சரவணப் பொய்கைக் கரையில் முரளிதரன்தான் அலகு குத்தினார். தறி ரிப்பேர் செய்கிற கை அது, ஆடியில் அலகு குத்தும். மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியாது. வீடியோ வந்தது. திருநீறு பூசிய கன்னம், வெள்ளி வேல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. "அரோகரா! ஒரு சொட்டு பாத்தியா? ஒரு சொட்டு வரல!" என்று முரளிதரன் குரல். அக்கா கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள். பாவா கண்ணாலேயே சிரித்தார்.

சவரக் கீறலுக்கே துண்டு நனைந்த மனிதர். மாத்திரை போட்டிருந்தால் ஒரு சொட்டாவது வந்திருக்கும். கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மலை முழுக்கக் கூட்டம், லைன் போகவில்லை. சாயங்காலம்தான் கிடைத்தார்.

"மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

மேளச் சத்தத்துக்கு மேல் பதில் சொன்னார்.

"காப்புக் கட்டின அன்னிலேர்ந்து. உங்க அக்கா வேண்டுதலு இல்ல? ரத்தம் வந்தா அசிங்கமாப் பூடும்."

"சவரத்துல ரத்தம் வர்றதுக்கா அத குடுக்கிறாங்க? ஸ்பிரிங்குக்குள்ள ரத்தம் உறையாம இருக்கத்தான் பாவா! இப்பவே டாக்டருக்குப் போன் போட்டு கேளுங்க."

"கத்தாத நைனா. நம்ம குடும்பத்துல நான்தான் கத்தற ஆளு." பிறகு குரல் இறங்கியது. "மாத்திரை ஊர்ல இருக்குது. தெப்பம் பாத்துட்டு வரலாம்னு இங்கியே தங்கிட்டோம். டாக்டருக்குப் போன் போடறேன், இங்கியே கடையில வாங்கிப் போடறேன். போதுமா?"

மறுநாள் காலை, தங்கியிருந்த சத்திரத்தில் பல் துலக்கும்போது அவருக்குத் தாடை வலித்தது. இந்தத் தடவை கிராம்பு தேடவில்லை, சோடா கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "லட்சுமி, இது கேஸ் இல்ல. அதேதான். நூத்தியெட்டுக்குப் போன் போடு" என்றார். நடக்கவும் மறுத்துவிட்டார். தெருவுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாரோ அதையெல்லாம் செய்தார். காவடிக் கூட்டத்தைத் தாண்டி வண்டி உள்ளே வரவே நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் போய்விட்டார்.

சட்டைப் பையில் திருத்தணிக் கடையில் வாங்கிய புது அட்டைகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை குறைந்திருந்தது. ராத்திரி டாக்டரிடம் பேசி, அவர் சொன்னபடி போட்டிருக்கிறார்.

கடைசி விமானத்தில் இடம் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது கன்னத்தில் வேல் நுழைந்த இடத்தில் திருநீறு அப்படியே இருந்தது.

சென்னை டாக்டரிடம் நானும் அக்காவும் போனோம். அவர் யாரையும் திட்டவில்லை. வேண்டுதல் என்று முன்கூட்டியே தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். இந்த வருடம் அலகு வேண்டாம், உடம்புக்கு ஏற்ற மாதிரி சின்னக் காவடியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே மலைக்குப் போங்கள் என்று சொல்லியிருப்பேன் என்றார். அக்கா வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்ளோதானா? கேட்டிருந்தா அவ்ளோதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

முரளிதரன் இப்போது அலகைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொருவரையும் கேட்கிறார்: ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்களா? ஆமாம் என்றால் குத்தமாட்டார். போன ஆடியில் ஒருவர், "சாமி காரியத்துல நீ யார்யா?" என்று சண்டைக்கு வந்தாராம். "மாத்திரைய நிறுத்திட்டேன்னு மட்டும் சொல்லாத அண்ணா. காவடிய நானே தூக்கிகினு வரேன்" என்று முரளிதரன் அவர் காலில் விழுந்திருக்கிறார்.

அக்கா வீட்டில் ஒரு தறிதான் ஓடுகிறது. அதனால் போனில் அவள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. இப்போதெல்லாம் வாரா வாரம் அவள்தான் என்னைக் கேட்கிறாள்.

"பிரஷர் பாத்தியா விஷ்ணு? ஈசிஜி எடுக்கறேன்னியே, எடுத்தியா?"

"ஆங், எடுத்துட்டேன் அக்கா."

"ஆங்னு சொல்லாத," என்றாள். "அவரும் ஆங்னுதான் சொல்லிகினு இருந்தாரு. பேப்பர படம் எடுத்து அனுப்பு. நான் லைன்லயே இருக்கேன், அது வர்ற வரைக்கும் போன வைக்கமாட்டேன்."