பிக்கப்பின் நெற்றிச் சூடு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஓர் அறையில் ஐந்து பேரோடு படுத்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிரெஞ்சுப் புத்தகத்தைப் படம் பார்த்தே மனப்பாடம் செய்து லொறி லைசன்ஸ் எடுத்தேன். பிறகு முப்பது வருடம் மொன்றியல் துறைமுகத்தில் கண்டெய்னர் இழுத்தேன். கடைசியில் என் பெயரில் நான்கு லொறிகள் ஓடின. சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லுகிற தமிழர் இந்த ஊரில் என்னைத் தவிர இருந்தால், நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஓய்வெடுத்த கையோடு ஒரு பயண ட்ரெய்லர் வாங்கினேன். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள சக்கர வீடு. காஸ்பே கடற்கரைக்குப் போக வேண்டும் என்பது மனைவியின் பல வருட ஆசை. ஹோட்டல் அவளுக்குச் சரிவராது. எங்கே போனாலும் தன் கையால் புட்டு அவிக்க வேண்டும். வீடு தயார், இழுக்கத்தான் வாகனம் இல்லை. குளிர்காலம் முழுக்க அது முற்றத்தில் பனியைப் போர்த்திக்கொண்டு நின்றது.

அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"எனக்கு நம்பிக்கை வராத வாகனத்திலை நான் ஏற மாட்டன். நீங்கள் தனியப் போய்க் கடலைப் பாத்திட்டு வாங்கோ."

காரணம் எனக்குத் தெரியும். வந்த புதிதில் நான் வாங்கிய பழைய வான் ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடியது. பனிக்குவியலில் இடித்துத்தான் நிறுத்தினேன். அவள் பக்கத்தில் இருந்தாள். காஸ்பே பாதையிலோ மலையிலிருந்து நேரே கடலுக்கு இறங்குவதுபோல இறக்கங்கள்.

இழுப்பதற்கென்று பின்தட்டு திறந்த பிக்கப் லொறி வாங்குகிற நம்மவர்கள் எல்லாரும் இது எவ்வளவு இழுக்கும் என்று கேட்பார்கள். நான் அதைக் கேட்பதில்லை. இழுப்பது பெரிய காரியமில்லை, நிறுத்துவதுதான் காரியம். சாரதியின் கதவைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு சிறிய தாள் ஒட்டியிருக்கும். முதுகில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அதில் இருக்கும். ட்ரெய்லரின் மூக்கு வண்டியின் பின்புறத்தை அழுத்தும் பாரம், மனிதர், தண்ணீர், மனைவியின் அரிசி மூட்டை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இறக்கத்தில் வண்டியை எஞ்சினே பிடித்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் புகைக்குழாய் பிரேக் உள்ள டீசல் தேடினேன்.

பக்கத்து நகரமான லவாலில் ஒரு கறுப்புப் பிக்கப் விற்பனைக்கு வந்தது. சனிக்கிழமை காலையில் பத்தரைவரை ராகு காலம் என்பதால், சரியாகப் பத்தே முக்காலுக்கு வருகிறோம் என்று விற்பவரிடம் சொல்லிவைத்தேன். மனைவி கைப்பைக்குள் சந்தனம், குங்குமம், நான்கு எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டாள். பிடித்தால் அங்கேயே நல்ல நேரத்தில் எடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

வண்டி கண்ணாடி மாதிரி மினுங்கியது. இரண்டு நாளாகத் தொடவே இல்லை என்றார் விற்பவர். நடுத்தர வயதுக்காரர், நல்ல சிரிப்பு. சாவியைத் திருப்பினேன். ஒரே பிடியில் எடுத்தது. சத்தம் சீராக இருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அணைத்துவிட்டு இறங்கி, "பொட்டை வையும்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் சந்தனத்தைக் குழைத்துப் பொனட்டில் விரலை வைத்தாள். உடனே எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, இவருக்குக் காய்ச்சல்."

"என்ன?"

"நெத்தி சுடுகுது. இப்பதானே திருப்பினீங்கள், அதுக்குள்ளை இப்பிடிச் சுடுமோ?"

நான் கையுறையைக் கழற்றித் தொட்டேன். உண்மைதான். குளிர் காலையில், ஒரு நிமிடம் ஓடிய டீசல் அப்படிச் சுடாது. நாங்கள் வருவதற்கு முன்பே நெடுநேரம் ஓடவிட்டுச் சூடாக்கியிருக்கிறார்கள். நோயுள்ள டீசல் குளிரில்தான் இருமும், வெள்ளைப் புகை கக்கும். சூடாக்கிவிட்டால் நல்லபிள்ளை மாதிரி நிற்கும். ஆறும்வரை நிற்கிறோம், பிறகு திருப்பிப் பார்ப்போம் என்றேன். வேறு ஆள் வருகிறார், நேரமில்லை என்றார் அவர். சிரிப்பைக் காணவில்லை.

திரும்பும் வழியில் அவள் சொன்னாள்:

"பத்தே முக்காலெண்டு மணி குறிச்சுக் குடுத்தது ஆர்? நீங்கள்தானே. அவன் அடுப்பு மூட்டி வைச்சிருக்கிறான்."

முப்பது வருடம் எஞ்சினோடு வாழ்ந்த நான் விட்ட பிழையை, முப்பது வருடம் தொழிற்சாலையில் பிஸ்கட் பொதி செய்தவள் ஒரு விரலால் கண்டுபிடித்தாள். என்னையே ஒருவர் திருத்தினார் என்றால் அவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்.

"அப்ப இனி ராகு காலத்திலை போவமோ?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"ஓம். பாக்கிறதுக்கு எந்த நேரமும் பரவாயில்லை. வாங்கிறதுக்குத்தான் நல்ல நேரம்."

திங்கட்கிழமை காலை எட்டு மணி, முழு ராகு காலம். ஜோலியெட் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. விற்பது கணவனை இழந்த ஒரு கெபெக் கிழவி. எந்த நாளும் வரலாம், வீட்டில்தான் இருப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். வெண்மை மங்கிய பிக்கப், கதவில் இடிபட்ட ஒரு சொட்டை. பின்னால் போய்ப் பார்த்தேன். ட்ரெய்லர் பூட்டும் இரும்புக் குண்டுக்குக் கிரீஸ் பூசி, துருப்பிடிக்காமல் ஒரு டென்னிஸ் பந்தை வெட்டித் தொப்பி போட்டிருந்தார்கள். பார்த்தவுடனே எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. இதைச் செய்த மனிதன் பிரேக்கைக் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டான்.

எஞ்சினைச் சூடாக்கும் மின்வயர் முன்னால் தொங்கியது. "இரவு செருகவில்லை, நீயே திருப்பு" என்று கிழவி சாவியைத் தந்தாள். மனைவி முதலில் பொனட்டில் உள்ளங்கையை வைத்தாள். "குளிருது" என்றாள். திருப்பினேன். இரண்டு உறுமல், ஒரு சிறு வெள்ளைப் புகை, அதுவும் உடனே கலைந்தது. கதவுத் தாளின் கணக்கும் சரியாக வந்தது. ஓட்டிப் பார்த்தபோது இறக்கத்தில் பிரேக்கில் கால் வைக்காமலே வண்டியை எஞ்சின் பிடித்தது.  மனைவி கைப்பிடியைப் பிடிக்கவேயில்லை.

ராகு காலம் முடியும்வரை கிழவியின் சமையலறையில் கோப்பி குடித்தோம். ஒன்பது தாண்டியதும் விலை முடித்து, பொட்டு வைத்து, மூன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள் மனைவி. தொழிற்சாலைப் பிரெஞ்சில் அவள் விளங்கப்படுத்த, நாலாவதைக் கிழவி கேட்டு வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தானே வைத்தாள்.

வழக்கமாகப் பழம் நசிகிறதா என்று மனைவி வெளியே நின்று பார்ப்பாள். அன்று நான் ஏறுமுன்பே மற்றக் கதவைத் திறந்து ஏறிவிட்டாள்.

"நிண்டு பாக்கேல்லையோ?"

"அந்த அம்மா பாப்பா. நீங்கள் எடுங்கோ."

எடுத்தேன். கிழவி நசிந்த பழங்களை எட்டிப் பார்த்து, நாலு விரலைக் காட்டினாள்.