ஏழாம் நம்பர் மலையில் படங்கான்

கொழும்புக் கோட்டையில் காலை ரயிலில் ஏறியபோது என் பையில் இருந்தவை: நான்கு அதிர்வுமானிகள், ஒரு சிறிய ஒலிபெருக்கி, மழைக்கோட்டு, அட்டைக்கடிக்குப் போடும் நீளக் காலுறை, அம்மா கடைசி நேரத்தில் திணித்த இஞ்சி பிஸ்கட். மலைச்சரிவுகளில் மண் அசைவதை அளக்கும் கருவிகளைப் பொருத்துவது என் வேலை. மழை இல்லாத நாட்களிலும் நோர்வூட் பக்கத்துக் கருவி ஒன்று அசைவைக் காட்டிக்கொண்டே இருந்தது. மண் அசையவில்லை. அதன்மேல் படங்கான் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை ஒழிக்க, கருவி இருக்கும் ஏழாம் நம்பர் மலையைத் தோட்டத்தார் புதன்கிழமை தேயிலையோடு எரிக்கப்போகிறார்கள். அதற்குள் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

படங்கானைப் பார்க்காதவர்களுக்காக: மூன்று மழைக்காலத்துக்கு முன் விண்கற்களோடு வந்து விழுந்த உயிர் அது. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் முரட்டுத் துணிக்குப் படங்கு என்று பெயர். அதைப் போலத் தட்டையாக, கரும்பச்சையாக, ஒரு லொறியை மூடும் அளவுக்கு அகலமாக இருப்பதால் இந்தப் பெயர். தலை கிடையாது. கண் கிடையாது. அடிப்பக்கம் முழுக்கத் துவாலையின் நூல்களைப் போல மெல்லிய குழாய்கள். அவை இரத்தத்தைத் தேடுவதில்லை, நீரைத் தேடுகின்றன. மூடுபனி இறங்கினால் விரிந்து செடிகளின் மேல் படுத்து நனையும். வெயில் வந்தால் தேயிலை நிரைகளுக்கு நடுவே நீர் வடிய வெட்டிய கானுக்குள் மடிந்து, பாறை போல இறுகிவிடும். பனி போதாத நாளில் தனியாக வரும் நாயின் மேலோ மாட்டின் மேலோ விழுந்து போர்த்திக்கொள்ளும். போன மாதம் அது விட்டுப்போன மாடு கருவாடு போலக் கிடந்ததாம்.

வட்டவளை தாண்டியதும் குளிர் ஏறியது. ஹட்டனில் இறங்கி, பஸ்ஸில் நோர்வூட் போய், அங்கிருந்து ரிஸ்வானின் ஆட்டோவில் தோட்டத்துக்கு ஏறினேன். ரிஸ்வானுக்கு நோர்வூட்டில் மளிகைக் கடையும் உண்டு. படங்கான் வந்த பிறகு உப்பு நன்றாக விற்கிறது என்றார். வாசலில் கொட்டினால் அது வராது என்று சனங்கள் நம்புகிறார்களாம்.

“வேலை செய்யுதா?” என்றேன்.

“என் வீட்டு வாசல்லயும் கொட்டியிருக்கேன் மிஸ். இதுவரைக்கும் வரல. அது டவுனுக்கே வந்ததில்ல, அது வேற விஷயம்.”

தங்கியது செல்வராணியின் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில். முப்பத்தைந்து வயதிருக்கும், கொழுந்து பறிப்பவர். வலது கெண்டைக்காலில் முழங்கால்வரை தோல் சுருங்கி, காய்ந்த வாழைச்சருகு போல இருந்தது. படங்கான் ஒரு ஓரத்தால் பிடித்தபோது கூடையைக் கழற்றி அதன்மேல் எறிந்துவிட்டு ஓடியிருக்கிறார். கூடையில் இருந்த ஈரக் கொழுந்தில் அது நின்றுவிட்டது. இவ்வளவு நடந்தும் மலையை எரிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எரித்த இடத்தில் புதுக் கன்று வைத்தால் கொழுந்து வர வருடங்கள் ஆகும், அதுவரை இந்த லயத்துக்கு வேலை எங்கே என்று கேட்டார். கண்டாக்கு ஐயா, அதாவது வெளிக்கள உத்தியோகத்தர், வேறு மலையில் வேலை தருவதாகச் சொல்கிறாராம். எந்த மலை என்று சொல்லவில்லையாம்.

செல்வராணி சொன்ன இன்னொன்று என்னை நிமிர வைத்தது. படங்கான் வந்த முதல் வருடம் யாரையும் தொடவில்லை.

“அப்பெல்லாம் நிரை புடிச்சு நிப்போம். எல்லாரும் சேந்து பொலி சொல்லிட்டுத்தான் கை வைப்போம். அது சுருட்டிக்கிட்டு ஓரமாப் போயிரும். இப்பத்தான் ஆளுக்கொரு துண்டு மலையப் பிரிச்சுக் குடுத்துட்டாங்களே. தனியா நின்னு யாருக்குப் பொலி சொல்றது?”

நாளின் முதல் கொழுந்தைப் பறிக்கும்போது விளைச்சல் பெருகட்டும் என்று கூவுவதுதான் பொலி. அந்தச் சத்தம்தான் அதை விரட்டியது என்பது லயம் முழுவதன் நம்பிக்கை. எனக்கும் அப்படியே தோன்றியது. செல்வராணியையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூவச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன்.

செவ்வாய் காலை பனி கனமாக இருந்தது. மேல் ரோட்டில் கண்டாக்கு ஐயாவும் செல்வராணியும் பக்கத்தில் நிற்க, ஏழாம் நம்பர் மலை எதிரே தெரிந்தது. ஒலிபெருக்கியை ஒரு கம்பில் கட்டி நிரையின் முனையில் நட்டுவிட்டு மேலே ஓடி வந்தேன். பொலிச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. செடிகளின் மேல் பச்சை ஒன்று எழுந்தது. விலகவில்லை. நேராகச் சத்தத்தை நோக்கி வந்து ஒலிபெருக்கியைப் போர்த்தியது. பிறகு அமைதி.

“விரட்டச் சொன்னா விருந்துக்குக் கூப்பிட்டுட்டீங்க, மிஸ்,” என்றார் கண்டாக்கு ஐயா.

அந்த நேரத்தில் கானிலிருந்து இன்னொரு படங்கான் எழுந்து வந்தது. இரண்டும் சண்டையிடவில்லை. எதிரெதிரே நின்று, ஓரங்களை இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து விரித்தன. தரையைத் தட்டிக்கொண்டே விரித்தன. என் கருவியில் அந்தத் தட்டல்கள் வரிசையாக விழுந்தன. புதிதாக வந்ததற்கு அகலம் அதிகம். அது தெரிந்ததும் முதலாவது சுருண்டு, ஒலிபெருக்கியை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டது.

கண் இல்லாத உயிருக்குத் தரையின் அதிர்வுதான் பார்வை. தன்னைவிட அகலமானதற்கு வழி விடும், குறுகியதைப் போர்த்தும். ஒரே இடத்தில் நின்று கத்தும் பெட்டி அதற்கு ஒரு சின்ன விலங்கு. தனியாக நிற்கும் செல்வராணியும் அப்படித்தான். ஆனால் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் கால் வைக்கும் பெண்கள்? அது ஒரே உடல். இதுவரை அது சந்தித்ததிலேயே அகலமான உடல்.

இதைச் சொன்னபோது கண்டாக்கு ஐயா நம்பவில்லை. செல்வராணி உடனே லயத்துக்கு ஆள் அனுப்பினார். வந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ஒரு கை தூரம் விட்டு வரிசையாக நடக்க வேண்டும், காரணம் சத்தமா காலடியா என்று தெரிய, வாய் திறக்கக்கூடாது.

“இத்தன பொம்பளைங்க பேசாம நடக்கணுமா? அதுக்கு நாங்க படங்கான்கிட்டயே போயிர்றோம்,” என்றார் செல்வராணி. சிரித்து முடித்தபின் சுருங்கிய காலோடு வரிசையின் நடுவில் போய் நின்றார்.

நான் இடது முனையில் நின்றேன். கணக்குப் போட்டவள் நான், மேல் ரோட்டில் நின்று பார்ப்பது சரியாக இருக்காது. கால் வைத்தோம். என் காலுறைக்குள் ஒரு அட்டை ஏறுவது தெரிந்தது, குனியவில்லை. பனிக்குள் அந்தப் பெரியது விரிந்தது. முதலில் வலப்பக்கம், பிறகு என் பக்கம். ஓரம் என் முழங்காலுக்கு மிக அருகில் வந்து தட்டியது. ஈரச் சாக்கின் மணம். எங்கள் வரிசை நிற்கவில்லை. ஓரம் தயங்கியது, இன்னும் விரியப் பார்த்தது, முடியாமல் சுருங்கத் தொடங்கியது. கான் விளிம்பில் மடிந்து மடிந்து உள்ளே இறங்கியது.

அதன் பிறகுதான் செல்வராணி பொலி சொன்னார். எல்லோரும் சொன்னார்கள்.

கண்டாக்கு ஐயா தோட்ட மேலாளரான துரையிடம் தானே போனில் பேசினார். நாளைக்கு எரிப்பு வேண்டாம் என்றும், ஏழாம் நம்பரில் மட்டும் துண்டு பிரித்ததை நிறுத்தி மறுபடி நிரையாக ஆள் இறக்கலாம் என்றும் சொன்னார். மற்ற மலைகளைப் பற்றிச் செல்வராணி கேட்டதற்கு, “மொதல்ல இதைப் பாப்போம்” என்றார். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

புதன் மாலை கொழும்பு திரும்பி வெள்ளவத்தையில் இறங்கினேன். காலி வீதியில், பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கோட்டில் தனியாக நின்றேன். ஒரு வாகனமும் நிற்கவில்லை. டியூஷன் முடிந்த இரண்டு மாணவிகள் வந்தார்கள், பிறகு மீன் பையோடு ஒருவர், பிறகு குழந்தையைத் தூக்கிய ஒரு அம்மா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் கால் வைத்தோம். எங்களை நோக்கி வந்த பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. அக்கரை சேரும்வரை நான் ஒரு கை தூரம் விட்டே நடந்தேன்.