தகட்டுக்கு அடியில் ஆறு எழுத்து

சுரபாயாவின் தெற்கு ஓரத்தில், வாரு சாலையில், தீனிக் கடைக்காரர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்துகொடுக்கிறவர் ஜுமாலி. மாட்டிறைச்சி உருண்டை விற்கும் தள்ளுவண்டியோ, ருஜாக் என்னும் காரப் பழக்கலவைக் கடையோ, பொரித்த டோஃபு கடையோ, அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் பெரும்பாலும் அவர் கைவேலைதான். ‘சாக்’ ஜுமாலி, அதாவது ஜுமாலி அண்ணன், என்றால் அந்த வட்டாரக் கடைக்காரர்களில் தெரியாதவர் இல்லை. ஆனால் அங்கே தின்ன வருகிறவர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. பெட்டி முடிந்ததும் கண்ணாடியின் வலது மூலையில் தன் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டுவார். ஊரில் எல்லாப் பெட்டிக்காரரும் செய்வதுதான். கடைக்காரர்கள் மறுநாளே அதன்மேல் ‘காரம் தனி’ என்று அட்டை ஒட்டி மறைத்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக இது அவருக்கு உள்ளுக்குள் உறுத்தல். பெயர் மறையாத ஒரு பொருளாவது செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த பெட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஆட்டிப் பார்ப்பார். “எடுத்தா விழலைன்னா அது அங்க இருக்க வேண்டியதில்ல,” என்பார். அந்தத் திருகு மறுபடி டப்பாவுக்குப் போய்விடும்.

அவரிடம்தான் அர்யோ வந்தான். பணக்கார வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்கிறவன். கம்ப்யூட்டருக்கு மூடியில்லாத சட்டகம் வரைவது அவன் பொழுதுபோக்கு. பெரிய வணிக வளாகத்தில் வருஷாவருஷம் நடக்கும் கம்ப்யூட்டர் சட்டகப் போட்டியில் பரிசு வாங்கிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தான். ஜுமாலியைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஆனாலும் காரில் வந்தவன் என்பதால் இவர் அவனை ‘பாக்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

“கம்ப்யூட்டர் பெட்டின்னா மூடி வேணுமே, பாக்?”

“மூடி, சுவர் எதுவும் வேணாம் சாக். உள்ள இருக்கறதே அழகு. அது நின்னா போதும்.”

“அம்மணமா நிக்கணும்ங்கறீங்க.”

அர்யோ சிரிக்கவில்லை. காபி கொண்டுவந்த ஜுமாலியின் மனைவி கஸியாத்திதான் சிரித்தாள். “பல்லி மேல ஏறி அசிங்கம் பண்ணிட்டா என்ன செய்வீங்க?”

அவன் கொண்டுவந்த படத்தில் நேராக நிற்கும் ஒரு தகடு, பின்னால் இரண்டு தூண், அவ்வளவுதான். ஜுமாலி அப்படியே செய்தார். மதர்போர்டை மாட்டி, செங்கல் கனத்தில் இருந்த கிராபிக்ஸ் கார்டைச் செருகியதும் அது நாக்குத் தள்ளிய நாய்போலத் தொங்கியது. அடியில் ஒரு முட்டுக் கொடுத்துவிடலாம் என்றான் அர்யோ.

“முட்டுக் குடுத்து நிறுத்தறதெல்லாம் ஒரு வேலையா பாக்?” என்று ஜுமாலி தகட்டைக் கழற்றிவிட்டார்.

அடுத்த மூன்று வாரம் மனுஷர் பித்துப் பிடித்தவர் மாதிரி இருந்தார். கடைசியில் விடை அவர் பிழைப்பிலிருந்தே வந்தது. உருண்டை வண்டியில் கிண்ணம் வைக்கும் பலகையை அவர் எப்போதும் பின்னால் நன்றாகச் சாய்த்துத்தான் பொருத்துவார். வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் கிண்ணங்கள் தங்கள் எடையாலேயே பலகையோடு ஒட்டிக்கொள்ளும். போர்டையும் அதேபோல மல்லாக்கச் சாய்த்தால் கார்டு தொங்காது, ஏறக்குறைய நிமிர்ந்து நின்று தன் கனத்தைத் தகட்டின் மேலேயே இறக்கும். தகட்டை நடுவில் கூடாரம்போல மடித்தால் பின்பாதியே காலாகிவிடும், பவர் சப்ளை அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். தூணும் வேண்டாம், முட்டும் வேண்டாம்.

முதல் தகடு மடிப்பில் விரிசல் விட்டது. இரண்டாவதில் துணி சோப்பைத் தேய்த்து, சோப்பு கருக்கும்வரை தீ காட்டி இளக்கி, இரும்புக் குழாய் ஒன்றின் மேல் வைத்து மெதுவாக வளைத்தார். வளைந்தது. ஒரே தகடு, ஒரே மடிப்பு. எட்டுத் திருகில் நான்கைக் கழற்றி ஆட்டிப் பார்த்தார். நின்றது. அர்யோ அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். எப்படித் தோன்றியது என்று கேட்டான். இவர் கிண்ணக் கதையைச் சொன்னார். திருகை ஏன் கழற்றினார் என்று கேட்டான். அதையும் சொன்னார்.

ஜுமாலி மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்ட எடுத்ததும் அவன் கையை நீட்டித் தடுத்தான். “ஸ்டிக்கர் வேணாம் சாக். கண்ணை உறுத்தும்.”

“அடியில?”

“அடியில யாரு பாக்கப்போறா? உங்க இஷ்டம்.”

அந்த அனுமதி போதுமாயிருந்தது. இரும்பு எழுத்து அச்சுகளை இரவல் வாங்கிவந்து, ஒரு மத்தியானம் முழுக்கக் கழிவுத் துண்டில் அடித்துப் பழகினார். பிறகு மடிப்புக்கு அடியில், தகட்டிலேயே, ஆங்கில எழுத்தில் JUMALI என்று ஆறு அடி அடித்தார். கடைசிக்கு முந்தின எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஸ்டிக்கரை மறைக்கலாம். தகட்டில் இறங்கிய பெயரை எந்த அட்டை மறைக்கும்?

போட்டியன்று நல்ல பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு கஸியாத்தியோடு போனார். பெட்டி பளபளவென்று கருப்புப் பூச்சில், மேடையில் விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு: வடிவமைப்பும் தயாரிப்பும் அர்யோ. நடுவர்களில் ஒருவர் அந்தச் சாய்வைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இது எப்படித் தோன்றியது என்று அவரும் கேட்டார்.

“ஒரு மழை நாள், நாற்காலில சாஞ்சு உக்காந்திருந்தேன்,” என்றான் அர்யோ. “சட்டுனு தோணுச்சு.”

கஸியாத்தி கணவரின் இடுப்பில் குத்தினாள். “மழையாமே மழை. வாயைத் தொறந்து சொல்லேன்.”

“விடு. அவன் பேசறதைப் பேசட்டும். பேரு அடியில இருக்கு.”

முதல் பரிசு அதற்குத்தான். கூட்டம் கலைந்த பிறகு ஜுமாலி மேடைக்குப் போய் மடிப்புக்கு அடியில் விரலை விட்டார். கை வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை தடவினார். ஒரு கீறல்கூட இல்லை. சாய்ந்துபோன அந்த எழுத்தாவது அகப்படுமா என்று தேடினார். அதுவும் இல்லை.

“ஓ, அதுவா?” என்று அர்யோ தோளில் கை போட்டான். “பூச்சு போடறதுக்கு முன்னாடி தேச்சுடச் சொன்னேன் சாக். நீங்க சொன்னதுதானே, எடுத்தா விழலைன்னா இருக்க வேண்டியதில்லன்னு? எடுத்தேன். விழல.”

குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அவன் பிரியமாகச் சொன்னான், அதுதான் கொடுமை. அந்த வார்த்தை ஜுமாலியுடையது. அவரிடமிருந்து எடுத்ததில் அவன் ஒழுங்காகப் பெயர் சொல்லித் திருப்பிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

“வாய்ல என்ன சோறா வெச்சிருந்த?” என்று வீடு வரும்வரை கஸியாத்தி திட்டிக்கொண்டே வந்தாள். அடுத்த மாதம் அதே மாதிரி இருபது வேண்டும் என்று அர்யோ ஆளனுப்பினான். அடியில் எதுவும் அடிக்கக்கூடாது என்றும் சொல்லியனுப்பினான். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருக்க வேண்டாமா? மனுஷர் இருபதையும் செய்துகொடுத்தார். மடிப்பு ஒன்றில்கூட விரிசல் இல்லை.

அதற்குப் பிறகு, அவர் ‘யூ’ என்று அக்கா முறையில் கூப்பிடும் ருஜாக்காரி ரொம்லா தன் புதுக் கண்ணாடிப் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு வலது மூலையில் நின்றாள்.

“என்ன சாக், இந்தத் தடவை உங்க மஞ்சள் சீட்டைக் காணோம்?”

“எடுத்துப் பாத்தேன் யூ. பெட்டி விழல.”

அவள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். “நல்லதாப் போச்சு. எங்க அட்டையை ஒட்ட இடம் கிடைச்சுது,” என்று பையிலிருந்து ‘காரம் தனி’யை எடுத்து அங்கே வைத்துப் பார்த்தாள். கோணலாக இருக்கிறதா என்று கேட்டாள். ஜுமாலி தள்ளி நின்று பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொன்னார்.