சும்பிங்கின் இடது செருப்பு

பானை மேட்டின் அடிவாரம் வந்ததும் சும்பிங் வண்டியை நிறுத்துவார். இறங்குவார். இன்ஜினை மூடும் பானட்டின் பூட்டை விடுவித்து விளிம்பை நாலு விரல் உயரத்துக்குத் தூக்குவார். இடது கால் செருப்பைக் கழற்றி அந்த இடுக்கில் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு ஒற்றைச் செருப்போடு ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போடுவார். பின்னால் பலகையில் இருப்பவர்கள் கோழிக்கூண்டையும் குழந்தையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஏன் என்று கேட்கிறவர் யாராவது இருந்தால் அவர் வெளியூர்.

வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஃபோர்வீல். மிராங்கோன் கிராமத்துக்கும் ரானாவ் ஊருக்கும் நடுவில் ஒரு மலை குறுக்கே படுத்திருக்கிறது. போனாலும் ஏற வேண்டும், வந்தாலும் ஏற வேண்டும். சரளையும் சேறுமான அந்த ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது இன்ஜினுக்குள் காற்றே நுழையாது. சூடு பானட்டுக்கு அடியில் சேர்ந்துகொண்டே போகும். ரேடியேட்டர் கொதிக்கும். பானை மேடு என்ற பெயரே அப்படி வந்ததுதான். செருப்பு செருகினால் கொஞ்சம் சூடு வெளியே போகும் என்பது சும்பிங்கின் கணக்கு. ஏன் இடது கால் என்றால், "கிளட்சு வெறுங்காலுக்குத்தான் சொன்ன பேச்சு கேக்கும்" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய குள்ளமான மனிதர். அதிகம் பேச மாட்டார். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு: "இருக்கட்டும், பாத்துக்கலாம்." பாலத்தில் பலகை போய்விட்டது என்றாலும் அதுதான், பின்சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்றாலும் அதுதான். பயணிகள் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்களை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். இன்ஜினுக்குப் பக்கத்து மூலையில் அடுக்கி வைத்து, மலை உச்சியில் ஆவி பறக்கத் திருப்பித் தருவார். யாருடையது எது என்று ஒரு நாளும் மாறியதில்லை. வண்டி கொதித்து நிற்பதில் இது ஒன்றுதான் எல்லோருக்கும் லாபம்.

பானட்டின் நடுவில் தங்க நிறத்தில் பெரிய எழுத்துகளில் 'ஜஸ்லினா' என்று எழுதியிருக்கும். அது அவர் மனைவியின் பெயர். மற்ற டிரைவர்கள் கழுகு வரைந்துகொண்டார்கள், புலி வரைந்துகொண்டார்கள். வண்டி வாங்கிய புதிதில் ஜஸ்லினா இதைப் பார்த்துவிட்டு, "ஏன்யா, சேறு வாங்க என் பேருதான் கெடைச்சுதா?" என்று கேட்டார். "பெயிண்டர் கேட்டான், வாயில வந்தத சொன்னேன்" என்று சொல்லிவிட்டு சும்பிங் டயரைப் பார்க்கக் குனிந்துகொண்டார். வண்டி முழுக்கச் சேறாக இருந்தாலும் அந்த எழுத்துகளை மட்டும் தினமும் காலையில் தன் தோள் துண்டால் துடைத்துவிடுவார். கேட்டால், துண்டு ஈரமாக இருந்தது என்பார்.

இதற்கிடையில் ரானாவில் ஃபோர்வீல் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பானட்டில் செவுள் வைத்துவிட்டார்கள். பானட்டைச் சதுரமாக வெட்டி, மீனின் செவுள் மாதிரி வரிசையாகப் பிளந்த தகட்டை அதில் பொருத்துவது. அடியில் அடைந்து கிடக்கும் சூடு அந்த வழியாக எழும்பிப் போய்விடும். பொருத்துகிறவர் கடைத்தெருக் கோடியில் பட்டறை வைத்திருக்கும் லியூ. மிராங்கோன் பாதையில் புதிதாக வண்டி விட்ட ரோனி என்ற பையனும் வைத்துக்கொண்டான். அவன் வண்டி பானை மேட்டில் நிற்பதே இல்லை.

சும்பிங்கும் லியூவிடம் போனார். வெட்ட மட்டும் விடவில்லை. முதல் தடவை, "மழ உள்ள எறங்குமே" என்றார். அடியில் தகட்டுத் தட்டு வைத்து நீரை ஓரமாக வடித்துவிடலாம் என்றார் லியூ. அடுத்த தடவை, துருப்பிடிக்கும் என்றார். வெட்டிய விளிம்புக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்றார் லியூ. அதற்கும் அடுத்த தடவை ஒன்றும் தோன்றாமல், "இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வண்டி பாத்துக்கொள்ளவில்லை. ஒரு சந்தை நாள், வெயில் ஏறிய நேரத்தில், செருப்பையும் மீறி மேட்டின் பாதியில் கொதித்து நின்றது. பெஞ்சமின் கிழவர் பின்னாலிருந்து, "சும்பிங்கு, வண்டி நம்மள மேல ஏத்துதா, நாம வண்டிய ஏத்துறோமாப்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜஸ்லினா சிரிக்கவில்லை. விடியுமுன் பறித்து ஈரத்துணி போட்டு மூடிய கடுகுக் கீரை கூடைக்குள் தலை தொங்கத் தொடங்கியிருந்தது. வாடிய கீரையை ரானாவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"அந்தச் செவுள வெச்சா என்னய்யா உனக்கு? காசா? பயமா?"

"பாத்துக்கலாம்."

"நீ பாத்துட்டே இரு."

பின்னால் ரோனியின் வண்டி வந்தது. ஜஸ்லினா முதுகுக் கூடையை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினார். ரோனி ஒரு நிமிடம் சும்பிங்கின் முகத்தைப் பார்த்தான். ஜஸ்லினா அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். 'ஜஸ்லினா' என்று எழுதிய வண்டி பாதையோரம் புகைந்துகொண்டு நிற்க, ஜஸ்லினா அதைக் கடந்து மேலே போனார்.

அடுத்த சந்தைக்கும் அவர் ரோனி வண்டியில்தான் போனார். அதற்கடுத்ததற்கும். வீட்டுக்காரியே ஏறாத வண்டியில் ஊர் எதற்கு ஏறும்? சும்பிங் காலிப் பலகைகளோடு மேட்டில் ஏறி இறங்கினார். சுமை குறைந்ததால் வண்டி ஓரளவு கொதிக்காமல் ஏறியது. அது அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது. இரவுச் சாப்பாட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் சும்பிங் எழுத்துகளைத் துடைத்தார்.

கடைசியில் ஜஸ்லினாவே கீரை விற்ற கையோடு லியூவின் பட்டறைக்குப் போய்விட்டார்.

"எங்க வீட்டு ஆளு வண்டிக்கு அந்தச் செவுள் ஏன் வெக்கல? காசு கேட்டு வெரட்டிட்டியா?"

"ஐயோ அக்கா, நான் எங்க வெரட்டுனேன்? அவருதான் ஓடுறாரு."

"ஏனாம்?"

லியூ கையைத் துடைத்துக்கொண்டார். "சூடு கெளம்புற எடம், இன்ஜின்லயே ரொம்பக் கொதிக்கிற டர்போவுக்கு நேர் மேல இருக்கு. அங்கதான் வெட்டணும். பின்னாடி, டிரைவர் முன்னால இருக்குற கண்ணாடிப் பக்கம் தள்ளுனா, ஓடுறப்ப காத்து வெளிய வராம உள்ள போயிடும். ஓரமா தள்ளுனா அடியில தாங்குற இரும்புப் பட்டை ஓடுது, அத வெட்டுனா பானட்டு ஆடும். வேற எடமே இல்ல. அந்த எடத்துல உங்க பேரு இருக்கு."

ஜஸ்லினா முதுகிலிருந்த காலிக் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"நான் பென்சிலால கோடு போடப் போனா, அவரு பேரு மேல கைய வெச்சுக்கிறாரு அக்கா. மழைங்கறாரு, துருங்கறாரு. கைய மட்டும் எடுக்க மாட்டேங்கறாரு."

ஜஸ்லினா காலிக் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் எதிர்க்கடையில் தொங்கும் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றதாக லியூ சொல்கிறார். அன்றைக்கு ஊர் திரும்ப ரோனியின் வண்டியில் ஏறவில்லை. சும்பிங்கின் காலி வண்டியில் முன் சீட்டில் போய் உட்கார்ந்து, "பட்டறைக்கு விடு" என்றார்.

"எதுக்கு?"

"விடுய்யா."

பட்டறையில் சும்பிங் இறங்கியதுமே பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். ஜஸ்லினா அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்தார். லியூவின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, தன் பெயரின் நட்டநடுவில் தானே ஒரு சதுரம் போட்டார். கோடு கோணலாக வந்தது.

"ஜஸ்லினா, வேணாம்."

"என் பேருல ஓட்ட விழுந்தா நான் செத்தா போயிடுவேன்? கீர வாடுதுய்யா."

"எழுத்து போயிடும்."

"போகட்டும். நான்தான் இங்க நிக்கிறேனே. இத வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா உனக்கு? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்." உடனே லியூவிடம் திரும்பி, "நீ என்ன வேடிக்க பாக்குற, வெட்டு" என்று அதட்டினார்.

லியூ கோட்டை நேராக்கி, ஓரத்தில் டேப் ஒட்டி, இன்ஜின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். துளை போட்டு ரம்பத்தை இறக்கினார். இரும்பு கத்தியது. சும்பிங் எதிர்க்கடை வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளிம்பை அரம் போட்டு ராவி, பெயிண்ட் தடவி, அடியில் தட்டு வைத்து, மேலே செவுள் தகட்டை முடுக்கி முடித்தபோது பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் மிஞ்சியிருந்தன. வெட்டி எடுத்த துண்டை லியூ பழைய இரும்போடு எறிந்தார். சும்பிங் போய் அதைப் பொறுக்கி, துண்டால் துடைத்து, தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சந்தை நாள் பலகைகள் நிறைந்திருந்தன. முன் சீட்டில் ஜஸ்லினா, மடியில் கீரைக் கூடை. பானை மேட்டின் அடிவாரத்தில் வண்டி நின்றது. சும்பிங் இறங்கி இடது செருப்பைக் கழற்றினார். கழற்றிய பிறகுதான் என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பானட்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜஸ்லினா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதை வாங்கி, காலடியில் போட்டுக்கொண்டார்.

"ஏறு."

வண்டி ஏறியது. முன்பு கொதித்து நின்ற வளைவில், சூடு காட்டும் முள்ளை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முள் பாதியில் அப்படியே இருந்தது. "பரவால்லயே, பொண்டாட்டி பேச்சத்தான் வண்டியும் கேக்குது" என்றார் பெஞ்சமின் கிழவர்.

உச்சியில் நிற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சும்பிங் நிறுத்தினார். ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போய் பானட்டுக்கு முன்னால் நின்றார். எழுத்துகள் இருந்த இடத்திலிருந்து சூடான காற்று எழும்பி வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் விரித்துப் பிடித்துக்கொண்டார். கீரை வாடுகிறது என்று ஜஸ்லினா ஹாரனை அடித்தார். மறுபடியும் அடித்தார். சும்பிங் கையை எடுக்கவில்லை.